பத்தாம் வரிக்குத் திரும்பு

ஐசக் மாமா குவைத்திலிருந்து வந்த கோடையில், பாளையங்கோட்டை முருகன்குறிச்சிக்குப் பின்னால் இருந்த அந்த எட்டு வீட்டு வளவுக்கு, வெளிநாட்டுக்காரர்கள் வழக்கமாகக் கொண்டுவருகிற சென்ட்டும் சோப்பும் ஜப்பான் சேலையும் வராமல், சிலேட்டு அளவில், எலிக்காது மாதிரி ரப்பர் பொத்தான்கள் முளைத்த ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. அதைப் பார்த்த சுகிர்தாவின் அம்மா, "இதுக்கு ஒரு மிக்ஸி வாங்கியாந்திருந்தா சட்னியாவது அரைக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள்தான், அப்புறம் அந்தச் சாமானை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

சுகிர்தாவுக்கு அப்போது பதினோரு வயது. கான்வென்ட்டில் ஆறாவது முடித்திருந்தாள், வாய் நீளம் என்று சிஸ்டர்களிடம் பெயரும் எடுத்திருந்தாள். வளவு என்றால் ஒரே இரும்புக் கேட்டுக்குள் எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் ஒரு குழாயடி, யார் வீட்டில் என்ன குழம்பு என்பது மூக்கிலும் யார் வீட்டில் என்ன சண்டை என்பது காதிலும் தானாக வந்து விழும். அப்படிப்பட்ட இடத்தில், நிகழ்ச்சி எதுவும் வராமல் டிவி சும்மா கிடந்த மத்தியானங்களில், மாமா அந்தக் கறுப்புச் சிலேட்டை அதோடு கோத்துக் கொடுக்க, டிவியின் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, புழுதிக்காற்றுக்குள்ளிருந்து ஆள் நடந்து வருவதுபோல எழுத்து தெரிய ஆரம்பிக்கிற இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை எடுத்து, சுகிர்தா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மற்றப் பிள்ளைகள் விளையாட்டுக் கேட்டார்கள். விளையாட்டெல்லாம் கேசட்டில் இருந்தது; டேப் ரிக்கார்டரில் போட்டு ஓடவிட்டால் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி நெடுநேரம் கதறிவிட்டுப் பாதியில் நின்றுபோகும், மறுபடி முதலிலிருந்து கதறும். சுகிர்தாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவளுக்குப் பிடித்துப்போனது 'பீப்' என்ற ஒற்றைச் சொல்.

பீப் என்று கட்டளை கொடுத்தால் அது இரண்டு எண் கேட்கும். முதலாவது எவ்வளவு நேரம், இரண்டாவது எவ்வளவு உயரம். பூஜ்யம் போட்டால் சர்ச் ஆர்மோனியத்தின் நடுக்கட்டை. கூட்டிக்கொண்டே போனால் கொசுவுக்குக் கோபம் வந்த மாதிரி. கழித்தல் குறி போட்டு இறக்கிக்கொண்டே போனால் ஓர் இடத்துக்குக் கீழே அது ஸ்வரமாகவே இல்லாமல், எதிர்வீட்டு மாசிலாமணி சார் காலையில் குழாயடியில் காறுகிற சத்தமாகிவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று வளவுப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். நேரத்தை நூலாகக் குறைத்தால் அணில். அணிலை அடுக்கினால் சைக்கிள் மணி. உச்சத்தில் வைத்து இழுத்தால் குக்கர், அதைக் கேட்டு அடுத்த வீட்டுப் பெரியம்மை அடுப்பை அணைக்க ஓடினாள். ஒரு நேரத்தில் ஒரு சத்தம்தான் அந்தப் பெட்டியின் வயிற்றிலிருந்து வரும், இரண்டு சேராது; ஆனால் இரண்டை மாற்றி மாற்றி வேகமாகப் போட்டால் காது ஏமாந்து இரண்டையும் சேர்த்துக் கேட்கும் என்பதை யாரும் சொல்லித்தராமல் அவளே கண்டுபிடித்தாள், அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வந்து தங்கள் பெயருக்கு ஒரு சத்தம் செய்து தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். தன் இஷ்டத்துக்குக் கொடுக்கிற இடத்தில் சுகிர்தா இருந்தது அதுதான் முதலும் கடைசியும்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் அவளுக்கு ஒரு துண்டு ராகம் அகப்பட்டது. நான்கே ஸ்வரம். மூன்று படி ஏறும், நான்காவது தொப்பென்று கீழே விழும், விழுந்த இடத்தில் இரண்டு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம் சும்மா இருக்கும். பத்தாவது வரியில் அதை எழுதினாள். இருபதாவது வரியில், பத்தாம் வரிக்குத் திரும்பிப் போ என்று எழுதினாள். எத்தனை தடவை என்று எழுதவில்லை. எழுதியிருக்கலாம், அதற்கும் வழி இருந்தது. ஆனால் பிடித்த ஒன்றுக்குப் பதினோரு வயதில் யார் முடிவு எழுதி வைப்பார்கள்?

ஓடவிட்டாள். ஏறியது, ஏறியது, ஏறியது, விழுந்தது. ஏறியது, ஏறியது, ஏறியது, விழுந்தது. வாசலில் அம்மா கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்லிக் கத்தினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, டிவி கண்ணை மூடியது, கம்ப்யூட்டர் செத்தது, அந்த நான்கு ஸ்வரம் மட்டும் தன்பாட்டுக்கு ஏறி விழுந்துகொண்டிருந்தது.

மாமா வயரைப் பிடுங்கினார். பெட்டியைத் திறந்தார், மூடினார், கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டு வந்தார். சத்தம், சம்மணம் போட்டு உட்கார்ந்த ஒரு பிள்ளையின் தலை உயரத்தில், முன்னறையில் அப்படியே இருந்தது. பேய் என்று முதலில் சொன்னவர்களும், இதில் பேய்க்கு என்ன லாபம் என்று யோசித்து விட்டுவிட்டார்கள். பாஸ்டர் வந்து ஜெபித்தார், சத்தம் விழுகிற இடைவெளியில் ஆமென் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆமெனிலிருந்துதான் வளவு கற்றுக்கொண்டது என்று சொல்ல வேண்டும்.

ஏனென்றால் அந்த ஸ்வரத்துக்கு மேலே பேச முடியாது. சத்தம் பெரிது என்று இல்லை. அது ஏறும்போது பேச்சு தானாகத் தொண்டையில் நின்றுகொள்ளும். ஆகவே வளவில் எல்லாரும் இடைவெளிக்குத் தக்கபடி பேசப் பழகினார்கள்: நாலு வார்த்தை, நிறுத்தம், நாலு வார்த்தை, நிறுத்தம். "இன்னிக்குத் தண்ணி—" ஏறியது, ஏறியது, ஏறியது, விழுந்தது, "—எப்ப வரும்?" வாக்கப்பட்டு வந்த மருமகள்கள் முதல் ஆடிக்குள் பழகிவிட்டார்கள். குழந்தைகள் பேசத் தொடங்கும்போதே அப்படித்தான் பேசின. குழாயடிச் சண்டை குறைந்தது, ஏனென்றால் ஒரு வசவைத் தொடங்கி நிறுத்தி மறுபடி எடுக்கும்போது அதிலிருந்த காரம் பாதி ஆறிப்போயிருக்கும். தூளிப் பிள்ளைகள் அந்த ஸ்வரத்துக்குத் தூங்கின. மாசிலாமணி சார் அதில்தான் கீர்த்தனைக்குச் சுருதி பிடித்தார். வெளியார் யாராவது, இது என்ன சத்தம் என்று கேட்டால், வளவுக்காரர்கள், எது என்று கேட்டார்கள்.

அடுத்த வருஷம் சீசனுக்குச் சுகிர்தாவின் வீட்டார் குற்றாலம் போனார்கள். அவர்கள் போன வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டின நிமிஷத்தில் வளவில் சத்தம் நின்றது. நின்றதும், ஒரு வருஷமாக இடைவெளியில் பேசிப் பழகிய ஜனங்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை. ஆரம்பித்த வசவு முடியாமல் நீண்டுகொண்டே போய், இரண்டு வீட்டு ஆண்கள் குழாயடியில் ஒருத்தர் மண்டையை ஒருத்தர் உடைத்துக்கொண்டார்கள். தூளிப் பிள்ளைகள் நீலம் பாரிக்கும்வரை அழுதன. சாயங்காலம் வண்டி பாலத்தின் இந்தப் பக்கம் இறங்கியதும் ஸ்வரம் ஏறியது, வளவு முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. அன்றைக்கே விஷயம் புரிந்துவிட்டது. சத்தம் வீட்டில் இருந்தாலும் அதன் மறுமுனை இந்தப் பிள்ளையிடம் கட்டியிருக்கிறது.

யாரும் அவளை அடைத்து வைக்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வளவுக்காரர்கள் இன்றைக்கும் அதைத்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடம் பாலத்துக்கு இந்தப் பக்கம், போனாள். சென்னையில் கம்ப்யூட்டர் படிக்க இடம் கிடைத்தபோது, மாசிலாமணி சார் வீட்டுக்கே வந்து, தலையைத் தடவி, "நல்ல பிள்ளை—" என்று நிறுத்தி, ஸ்வரம் விழுந்ததும், "—யோசிச்சு முடிவு பண்ணு" என்றார். மற்ற ஏழு வீட்டுப் பெண்களும் ஏழு தட்டில் பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, தங்கள் தூளிப் பிள்ளைகளை அவள் மடியில் மாற்றி மாற்றிக் கிடத்தினார்கள். உள்ளூர்க் காலேஜில் ஹோம் சயன்ஸ் படித்தாள். சேலை வேண்டுமென்றால் கடைக்காரனே ஜவுளி மூட்டையோடு வந்தான். பல் டாக்டர் வந்தார். மாப்பிள்ளையும் அப்படியே வந்தான்: செல்வின், போஸ்ட் ஆபீஸில் வேலை, எந்த ஊரிலும் தூக்கம் வராமல் கஷ்டப்பட்டவன், பெண் பார்க்க வந்து முன்னறை நாற்காலியில் காப்பி குடிக்குமுன்பே தூங்கிப்போனான், இந்த வீட்டிலேயே இருந்துகொள்வதாக விழித்ததும் சொன்னான். அன்பாகத்தான் இருந்தார்கள் எல்லாரும். அன்பை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

இப்படிப் பாலத்தைத் தாண்டாமலே சுகிர்தாவுக்கு நாற்பத்தொன்பது வயது ஆனது. அவளுக்கு ஒரே மகள் ஷெரின், பெங்களூரில் வேலை, அங்கேயே கல்யாணம், இப்போது தலைப்பிரசவம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவதுதான் முறை. ஷெரின் வர முடியாது என்றாள்.

"டாக்டர் படுக்கச் சொல்லிட்டாங்க, அது ஒண்ணு—" போனுக்குள் வீட்டுச் சத்தம் போய் அவளையும் நிறுத்தியது. "—ஆனா டாக்டர் சொல்லாட்டியும் வந்திருக்க மாட்டேம்மா."

"ஏன், வந்தா உன்னை—" ஏறியது, விழுந்தது. "—கடிச்சா வைப்போம்?"

"என் பிள்ளைக்கு அந்தச் சத்தம் வேண்டாம். ஆபீஸ்ல நான்—" ஏறியது, விழுந்தது. "—நிறுத்துற இடத்துல எல்லாரும் பூந்துருதாங்க. நான் பேச ஆரம்பிச்சதை—" ஏறியது, விழுந்தது. "—நான் முடிச்சதே இல்ல. இவரோட அம்மா உயிரோட இல்ல. இவருக்கு ரத்தத்தைப் பாத்தாலே மயக்கம் வரும். நீ வரியா—" ஏறியது, ஏறியது, ஏறியது. அந்த மூன்று படியிலும் சுகிர்தா நின்றாள். "—வரலியா?"

"வாரேன்" என்றாள் சுகிர்தா. ஒரே வார்த்தை, இடைவெளிக்குள் அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குழாயடியில் கூட்டம் போட்டார்கள். கூட்டம் என்றுகூடச் சொல்லக்கூடாது, ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். மாசிலாமணி சார், இப்போது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருப்பவர், மகளை ஆம்புலன்ஸில் கூட்டிவரலாமே என்றார். வீடியோ காலில் கூடவே இருக்கலாமே என்றாள் ஒரு மருமகள். மரகதம், வளவிலேயே வாய் பெரியவள், எழுந்து நின்றாள்.

"ஏட்டி சுகிர்தா, போ. யாரு தடுக்கா? ஆனா வெள்ளிக்கிழமை—" ஏறியது, விழுந்தது. "—எம் மவளைப் பொண்ணு பாக்க வாராவ. அது முடியட்டும்."

"வெள்ளிக்கிழமை உன் மவளுக்கு. நேத்து சாருக்கு பிரஷர், முந்தாநாள்—" ஏறியது, விழுந்தது. "—எட்டாம் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல். என் மவ வலியை யாரு, மரகதக்கா, நாள் தள்ளிப் போடுறது?"

"குற்றாலத்துக்குப் போன அன்னிக்கு எங்கப்பா மண்டை—" என்று ஒருவன் ஆரம்பித்தான்.

"உங்கப்பா மண்டையை உடைச்சது உங்க சித்தப்பா. நான் அருவியில குளிச்சிட்டிருந்தேன்."

சுகிர்தா செல்வினைப் பார்த்தாள். செல்வின் செருப்பைப் பார்த்தான். "உங்களுக்கென்ன, சொல்லுங்க" என்றாள்.

"போயிட்டு வா" என்றான் செல்வின். ஸ்வரம் விழும்வரை காத்திருந்து, பாவம் போல, "நான் எப்படித் தூங்குவேன்?" என்றான்.

வெள்ளிவரை நாள் கொடுத்தாள். கொடுத்தாள் என்பதைவிட, கேட்டார்கள், அவள் கை தானாக நீண்டது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆட்டோ ஸ்டாண்டில் யாரும் அவளை ஏற்றக்கூடாது என்று யார் சொல்லிவைத்தார்களோ தெரியாது. அவள் விசாரித்தபோது எந்த ஆட்டோவிலும் பெட்ரோல் இல்லை. ராத்திரி படுத்தால் நெஞ்சின் மேல் அந்த நான்கு ஸ்வரமும் ஏறி ஏறி விழுந்தன. அவள் எழுதினதுதான், அவள் விரல்தான், அவளுக்குப் பிடித்த ராகம்தான். அதனால்தான் யாரிடமும் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மரகதத்தின் வீட்டுக்குக் காரில் வந்து இறங்கினார்கள். வளவே பட்டுக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றது. சுகிர்தா காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு போகையில் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. மருமகன். "அத்தை, பனிக்குடம் உடைஞ்சிட்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துட்டேன். அவ உங்களை—" இங்கே ஸ்வரம் ஏறியது. விழுவதற்குள் அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிட்டு, போன் நின்றது.

சுகிர்தா தட்டைக் கீழே வைத்தாள். கேட்டைத் திறந்தாள். பெட்டி இல்லை, மாற்றுச் சேலை இல்லை, காலில் வீட்டுச் செருப்பு. மாப்பிள்ளை வீட்டாரை இறக்கிவிட்டு நின்ற வாடகைக் கார்க்காரன் வள்ளியூர்க்காரன், அவனுக்கு எதுவும் தெரியாது. "ஜங்ஷன் ஸ்டேஷன்" என்றாள், ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். பின்னால் மரகதம், "ஏட்டி! ஏட்டி!" என்று ஓடிவந்ததும், இடைவெளி முடிந்து வாயைத் திறந்தபடி நின்றதும் கண்ணாடியில் தெரிந்தது.

பாலத்தில் பாதி தாண்டினதும் காதுக்குள் ஏதோ கழன்று விழுந்தது. ஆற்றுச் சத்தம் கேட்டது. துணி துவைக்கிற சத்தம் கேட்டது. போன் அடித்தது.

"நின்னுட்டு சுகி" என்றான் செல்வின். பின்னால் நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சல். "எல்லாரும் பேசுதாவ, ஒருத்தரும் நிறுத்த மாட்டேங்காவ, மரகதக்கா மாப்பிள்ளையோட அம்மாவப் பாத்து மூக்கு சரியில்லன்னு சொல்லிட்டாவ, சொல்லிக்கிட்டே இருக்காவ, அவிய எந்திச்சுட்டாவ, நீ திரும்பி வந்துரு."

சுகிர்தா வாயைத் திறந்தாள். "நான் திரும்பி வர மாட்டேங்க, மரகதக்கா மவளுக்கு இன்னொருத்தன் வருவான், எம் மவளுக்கு இன்னொரு அம்மா வர மாட்டா, உங்களுக்குத் தூக்கம் வராட்டி முழிச்சிருங்க, முழிச்சிருக்கவங்க எத்தனையோ பேரு உலகத்துல இருக்காங்க, சோத்தை வடிச்சிருக்கேன், குழம்பு வைக்கல, வெங்காயத்தை நறுக்கத் தெரியும்ல, நான் பதினோரு வயசுல ஒரு வரி எழுதினேன், அதுக்கு முப்பத்தெட்டு வருசம் உள்ள கெடந்துட்டேன், கொலைகாரன்கூட அதுக்கு முன்னால வெளிய வந்திருவான்—"

வழக்கமான இடத்தில் தொண்டை நிற்குமென்று எதிர்பார்த்தாள். நிற்கவில்லை. அடுத்த வார்த்தை வந்தது, அதற்கடுத்தது வந்தது, கார்க்காரனுக்குக் கழுத்துச் செயினைக் கழற்றிக் கொடுக்கும்போதும் பேசினாள், அவன் வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு ஓடினான், டிக்கெட் எடுக்காமல் மதுரை வண்டியில் ஏறும்போதும் பேசினாள். பல் டாக்டரைப் பற்றி, ஜவுளி மூட்டையைப் பற்றி, ஏழு தட்டுப் பலகாரத்தைப் பற்றி, சென்னைக் காலேஜின் மரங்களைப் பற்றி, அந்த மரங்களை அவள் பார்த்ததே இல்லை. கோவில்பட்டி போனது. செல்வின் எப்போதோ போனை வைத்துவிட்டிருந்தான். எதிர் சீட்டில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாள் முதலில் தலையாட்டினாள், பிறகு பொட்டலத்தை மடித்தாள், பிறகு எழுந்து வேறு பெட்டிக்குப் போனாள். சுகிர்தாவுக்குப் பயம் வந்தது. பேச்சை நிறுத்துவது என்பது எந்தத் தசையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் அந்த வேலையை வேறொன்று செய்துகொண்டிருந்தது. சாத்தூர் போனது. டிக்கெட் பரிசோதகர் வந்து பக்கத்தில் நின்று, ஒரு இடைவெளி கிடைக்குமென்று பார்த்தார்.

அப்போது போன் அதிர்ந்தது. ஷெரின்.

காதில் வைத்தாள், வைத்தும் வாய் ஓடிக்கொண்டிருந்தது. "ஷெரின் நான் வந்துட்டே இருக்கேன் சாத்தூர் தாண்டிட்டு மதுரையில மாறி—"

"அம்மா" என்றது குரல், மிகவும் தூரத்திலிருந்து. "அம்மா, கேளேன்."

சுகிர்தா வலது கையைத் தூக்கித் தன் வாயைப் பொத்தினாள். உள்ளே வார்த்தைகள் உள்ளங்கையில் முட்டின. இன்னும் அழுத்தினாள், பல் உதட்டில் பதிந்து உப்புக் கரித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு பிள்ளை மடியில் அடங்குகிற மாதிரி, தொண்டை அடங்கியது.

"வலிக்குதும்மா" என்றாள் ஷெரின். "காலைல அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சுட்டு நான் சொல்லல சொன்னா நீ எப்படி வருவன்னு பயந்து நர்ஸ் கத்தாதேங்கா நான் கத்துவேன் உன்ன மாதிரி இருக்க மாட்டேன்னு சொல்லிருக்கேன்ல அது பொய்யும்மா எனக்கு நீ வேணும்—"

பரிசோதகர் குனிந்து, "அம்மா, டிக்கெட்" என்றார். சுகிர்தா போனைத் தோளில் இடுக்கி, இடது கையை அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். அவர் நின்றார். ஷெரின் பேசிக்கொண்டிருந்தாள்.